கோபி 4: தாழ்ந்த கழுத்து ஷூ கணுக்காலுக்குப் போதுமா?

கேள்வி:
நான் கூடைப்பந்தில் கார்டாக, அதாவது பந்தை நடத்திச் செல்லும் இடத்தில், ஆடுபவன். இதுவரை உயரமான கழுத்துள்ள ஷூதான். நண்பனிடம் இருக்கும், நைக்கியின் கோபி 4 என்ற தாழ்ந்த கழுத்து ஷூவின் மறுவெளியீட்டைப் போட்டு ஆடிப் பார்த்தேன். தரை காலுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிகிறது! ஆனால் சட்டென்று திரும்பும்போது கணுக்கால் பிசகிவிடுமோ என்ற பயம் போகவில்லை. போட்டு ஆடுபவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
தம்பி, கழுத்து உயரத்தை மட்டும் பார்க்காதே. கால்பந்து வீரர்கள் தாழ்ந்த ஷூவில் ஓடித் திரும்புவதைப் பார்த்துத்தான் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் தன் பெயரிலான ஷூவுக்கும் தாழ்ந்த கழுத்தைக் கேட்டார். நைக்கியின் வடிவமைப்பாளர் எரிக் அவார் வடிவமைத்தார். 2009-இல் அவருடைய அணியான லேக்கர்ஸ் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கோப்பை வென்றபோது கோபி காலில் இருந்தது இதுதான்.

கணுக்கால் பெரும்பாலும் மடங்குவது பாதம் ஷூவின் விளிம்பைத் தாண்டி வழுக்கும்போது, அல்லது அடுத்தவர் கால்மேல் இறங்கும்போது. அதனால் குதிகால் தூக்குகிறதா, முன்பாதம் பக்கவாட்டில் நகர்கிறதா என்று பார். மேல்பகுதியில் இருக்கும் ஃபிளைவயர் என்ற மெல்லிய, உறுதியான இழைகள் தொங்குபாலத்துக் கம்பிகள் மாதிரி. லேஸை இறுக்கினால் பாதத்தை அடியோடு சேர்த்துப் பிடிக்கும். பாதம் தரைக்கு நெருக்கமாக இருப்பதும் நல்லதுதான். எனக்கு இதைவிட நம்பிக்கை தந்த ஷூ இல்லை.

பதில் 2:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் பாதம் அகலமென்றால் அரை அளவு பெரிதாகப் போட்டுப் பாருங்கள். சிமென்ட் தரையில் மட்டும் வேண்டாம், அடி ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கேட்டவர்:
உள்ளரங்கத்தில்தான் ஆடுகிறேன். குதிகால் தூக்கவில்லை. அப்புறம் என்ன, வாங்கிவிடுகிறேன். நன்றி அண்ணா!