340 வரைபடங்களில் திருத்த எண்ணை மாற்றுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு வரைபடம் தயாரிக்கும் சிறிய அலுவலகத்தில் பணிபுரிகிறேன். கணினியில் வரையும் ஆட்டோகேட் மென்பொருளின் 340 கோப்புகளின் தலைப்புக் கட்டத்தில் திருத்த எண்ணையும் தேதியையும் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்ததில் இரண்டு நாளில் நாற்பதுதான் முடிந்தது. அவற்றிலும் கொதிகலன் படங்கள் மூன்றில் பழைய தேதியே நிற்கிறது.

மறுமொழி 1:
தம்பி, எல்லாத் தாள்களையும் ஆட்டோகேட்டில் தாள்களைத் தொகுத்து நிர்வகிக்கும் ஷீட் செட் மேனேஜரில் சேர்த்து, தலைப்புக் கட்டத்தில் எண்ணும் தேதியும் எழுதும் இடங்களான பண்புகளில், மதிப்பைத் தானாக நிரப்பும் ஷீட் செட் ஃபீல்டுகளை வைத்துவிட்டால், பிறகு ஓரிடத்தில் மாற்றினாலே போதும். கோப்பைத் திறக்கும்போதும் அச்சிடும்போதும் புதிய மதிப்பு வந்துவிடும். இன்றைய தேதியைக் காட்டும் ஃபீல்டை மட்டும் திருத்தத் தேதிக்கு வைக்காதீர்கள். நாள்தோறும் அது மாறிக்கொண்டே இருக்கும்.

மறுமொழி 2:
அண்ணன் சொன்னது இனிவரும் வேலைக்கு மிகவும் சரி. இப்போதைய அவசரத்திற்கு, ஆட்டோகேட் 2013 முதல் உடன்வரும் கோர் கன்சோல் என்ற திரையில்லா நிரலில் ஒரு ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பை) ஓட்டினால், படத்தைத் திரையில் காட்டாமலேயே ஒவ்வொரு கோப்பையும் திருத்திச் சேமிக்கும். முதலில் நகல் எடுத்து, ஐந்து கோப்புகளில் சோதியுங்கள். வேறொருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பில் திருத்தம் சேமிக்கப்படாது என்பதால் மதிய உணவு வேளையில் ஓட்டுவதே நல்லது.

கேட்டவர்:
நன்றி அண்ணன்மார்களே. அந்த மூன்று படங்களிலும் யாரோ தலைப்புக் கட்டத்தின் பிளாக்கை (ஒரே பொருளாகச் சேர்த்த தொகுப்பை) உடைத்து வெறும் எழுத்தாக்கியிருக்கிறார்கள். அவற்றில் பிளாக்கை மீண்டும் செருகிவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுகிறேன்.