‘ஃபிளை’ என்பதற்குத் தமிழ்: செயற்கை ஈயா, கட்டிரையா, இறகிரையா?

> அகராதியில் ‘செயற்கை ஈ’ இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வணக்கம் ஐயா. டிரவுட் போன்ற மீன்களைப் பிடிக்கத் தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் நூலும் கொண்டு கட்டும் பொய்யிரைதான் ‘ஃபிளை’. ‘செயற்கை ஈ’ என்ற சொல் படிப்பவரைத் தவறான பக்கம் திருப்பிவிடும். ‘செயற்கை ஈ’ என்றதும் ஏதோ ஓர் ஈயை அச்சு அசலாகச் செய்தது என்றுதான் தோன்றும். ஸ்காட்லாந்து மலைநாட்டு ஏரிகளில் பிரவுன் டிரவுட் மீனுக்கு வழக்கமாகப் போடுவதைப் பாருங்கள். கேட் மெக்லாரன் என்ற ஃபிளை 10 அல்லது 12ஆம் எண் முள்ளில் கட்டுவது. சீல் (கடல்நாய்) மயிரைத் திரித்த கருப்பு உடல், மேலே வெள்ளிச் சரிகைச் சுற்று, உடல் நெடுகச் சுற்றிய கருப்புச் சேவல் கழுத்திறகு, தலையில் பழுப்புக் கோழியிறகு, வாலில் பொன்னிற ஃபெசன்ட் பறவையின் கொண்டை இறகு ஒன்று. இப்படி ஒரு பூச்சி எங்கும் கிடையாது. சோல்ஜர் பாமர் என்ற இன்னொரு ஃபிளையின் செங்கம்பளி உடலும் அப்படித்தான். அலைக்குள் அது உயிருள்ளதுபோல் துடிக்கிறது, டிரவுட் பாய்ந்து எடுக்கிறது. அந்தத் துடிப்பைத் தருவது இறகு.

உள்ளபடியே ஈ இனத்தைச் சேர்ந்த ஹெதர் ஈ ஒன்று உண்டு. கருப்பு உடல், சிவப்புத் தொடை. ஆகஸ்ட் வாக்கில் கரையோரப் புதர்களிலிருந்து காற்று அதை ஏரியில் தள்ளும். அப்போது நடுவில் சிவப்புப் பட்டை வைத்த பிபியோ என்ற ஃபிளை எடுபடும். அந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் ஈ என்று அழைக்க வேண்டியதில்லை.

‘வெட் ஃபிளை’, ‘டிரை ஃபிளை’ என்பவற்றுக்கான ‘நனைந்த ஈ’, ‘உலர்ந்த ஈ’ என்ற மொழிபெயர்ப்புகளையும் கைவிட வேண்டும். இரண்டுமே தண்ணீரில்தான் கிடக்கின்றன. ஒன்று நீர்மட்டத்துக்குக் கீழே ஓடுகிறது, மற்றது மேலே நிற்கிறது.

என் பரிந்துரை: கட்டிரை. முள்ளின்மேல் நூலால் கட்டுவதால் கட்டு + இரை. அமிழ் கட்டிரை, மிதவைக் கட்டிரை என்று சேர்த்தாலும் நாக்கில் தடுக்காது.

———

> என் பரிந்துரை: கட்டிரை.

காரணம் சரி, சொல்லில் எனக்கு இரண்டு தடைகள். ஒன்று, ‘கட்டுரை’யோடு ஓர் எழுத்துதான் வேறுபாடு. மெய்ப்புப் பார்ப்பவர் பிழை என்று திருத்திவிடுவார். இரண்டு, இரை கட்டுவது என்றால் தமிழில் புலிக்கு ஆட்டைக் கட்டிவைப்பதுதான் நினைவுக்கு வரும். துடிப்பைத் தருவது இறகு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இறகிரை என்றே சொல்வோம்.

இறகே இல்லாமல் மான்மயிரிலும் கம்பளியிலும் கட்டுவதும் உண்டே என்று கேட்பீர்கள். எள்+நெய் எண்ணெய் ஆனது, இன்று தேங்காய் எண்ணெய் என்கிறோம். சொல் வேரூன்றிவிட்டால் பொருள் தானே விரியும்.

முதன்மை நரம்பிலிருந்து (தூண்டில் இழையிலிருந்து) கிளைத்து, நுனியில் ஓர் இறகிரை கட்டும் சிறு துண்டு ‘டிராப்பர்’. அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘தொங்கல்’ என்று போட்டிருப்பதை உடனே எடுத்துவிடுங்கள். அது தொங்கி, முதன்மை நரம்போடு ஒட்டிக்கொண்டால் மீன் பிடிக்காது. நரம்பை விட்டு விலகித் தனியே நிற்க வேண்டும். நம் கடற்கரையில் ஆயிரங்கால் தூண்டில் என்கிறோம் அல்லவா? அந்தக் ‘கால்’தான் இது. படகிலிருந்து வீசுபவர் 15 அடி நரம்பில் பொதுவாக மூன்று இறகிரை கட்டுவார். கோலின் பக்கமிருந்து: முதற்கால், இரண்டாங்கால், நுனி. இடைவெளி ஐந்தடி.

கால் போடும் முடிச்சையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். இரண்டு நரம்புத் துண்டுகளை ஒரு சாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, சேர்த்தே ஒரு வளையம் போட்டு, நான்கு முறை உள்ளே நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உரசிய சூட்டில் நரம்பு வலுவிழக்கும். இப்போது இரண்டு வால் மிஞ்சும். மேல்துண்டிலிருந்து வந்து நுனியை நோக்கி நிற்கும் வால்தான் கால். மற்றதை ஒட்ட வெட்டிவிட வேண்டும். மாற்றி வெட்டினால், முடிச்சு நழுவும் அன்று காலில் மாட்டிய மீனும் கையைவிட்டுப் போகும். காலின் நீளம் ஆறு அங்குலம் போதும். அதிகமானால் முறுக்கிக்கொள்ளும்.

———

இறகிரைக்கு என் வாக்கும். ‘கால்’ மிகப் பொருத்தம். ‘மேற்கால்’ என்று போடாமல் ‘முதற்கால்’ என்று போட்டதும் நல்லது. பேச்சில் ‘மேற்கால’ என்றால் மேற்குப் பக்கம் என்றாகிவிடும்.

படகு காற்றில் தானே நகர்வதைக் குறிக்கும் ‘டிரிஃப்ட்’ பாக்கியிருக்கிறது. நீவாடு என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அழகான நெய்தல் சொல், ஆனால் அது கடல் நீரோட்டம். ஏரியில் படகைக் குறுக்காக நிறுத்திக் காற்றின் போக்கில் விடுகிறார்கள். வீச்சும் காற்றடிக்கும் திசையில்தான், பத்து கஜத்துக்குள். ‘ஒழுகல்’ கூடவே கூடாது. படகு ஒழுகுகிறது என்றால் ஓட்டை என்று பொருள். ‘காற்றுப்போக்கு’ போதும். வேகம் மிகுந்தால் படகிலிருந்து நீரில் விரித்துவிடும் துணிக்குடையை ‘தடைக்குடை’ எனலாம்.

இன்னொன்று ‘ஹேங்’. வீசிய தூண்டில் கயிற்றை இழுத்து வந்து கடைசிச் சில அடிகளில் கோலை உயர்த்தி, முதற்கால் இறகிரை நீர்த்தோலைக் கீறி நிற்கும்படி மூன்று நான்கு விநாடி அசையாமல் பிடிப்பது. பின்தொடர்ந்து வந்த டிரவுட் பெரும்பாலும் அங்கேதான் வாய் வைக்கும். புதியவர்கள் உடனே தூக்கி அடுத்த வீச்சுக்குப் போய்விடுவதால் அந்த மீன் கண்ணில் படாமலே திரும்பிவிடும். எனவே சொல்லிலேயே காத்திருப்பு ஒலிக்க வேண்டும். ‘நிறுத்தம்’ என்றால் வேலை முடிந்ததுபோல் கேட்கிறது. இலங்கையில் பஸ் நிற்குமிடத்தைத் தரிப்பிடம் என்கிறோம், நின்று மீண்டும் புறப்படும் இடம். அதனால் ‘தரிப்பு’. மாற்றுக் கருத்து இருந்தால், சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள்.