லண்டன் பாதாள ரயில் பெட்டி: 1938 வகையா, அதற்கும் முந்தையதா?

கேள்வி:
'லண்டன் பாதாள ரயில்' என்று மட்டும் குறிப்புள்ள கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று என்னிடம் உள்ளது. திறந்தவெளி நிலையத்தில் பயணிகள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். முதல் பெட்டியில் ஓட்டுநர் அறைக்குப் பின்னால், பெட்டி நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சன்னலே இல்லை. அங்கே சாய்வான தகடுகளை அடுக்கிய காற்றுத் திறப்புகள்தான் தெரிகின்றன. படத்தின் பின்புறம் பென்சிலால் 1970 என்று எழுதியிருக்கிறார்கள். இது 1938 வகைப் பெட்டியாக இருக்குமா?

முதல் பதில்:
இருக்காது. 1938 வகையில்தான் மின்கருவிகள் அனைத்தையும் தரைக்கு அடியில் பொருத்தி, அந்த இடத்தையும் பயணிகளுக்கு விட்டார்கள். அதற்கு முன்பு, 1923 முதல் 1934 வரை கட்டிய 'ஸ்டாண்டர்டு ஸ்டாக்' மோட்டார் பெட்டிகளில் கருவிகள் ஓட்டுநருக்குப் பின்னால் தனி அறையில் இருந்தன. நீங்கள் காணும் திறப்புகள் அந்த அறைக்கானவை. ஆனால் திறப்புகள் இல்லாததை மட்டும் வைத்து 1938 வகை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஓட்டுநர் அறை இருந்தும் மோட்டார் இல்லாத, அதனால் இந்தக் கருவி அறையும் இல்லாத பெட்டிகள் பழைய வகையிலும் உண்டு; அனுபவமுள்ளவர்களே சறுக்கும் இடம் இது.

இரண்டாம் பதில்:
வகை சரி, இடம்தான் இடிக்கிறது. லண்டனில் ஸ்டாண்டர்டு ஸ்டாக்கின் பயணிகள் சேவை 1966-இல் முடிந்துவிட்டது. பிறகும் சில பெட்டிகள் பணி வண்டிகளாக ஓடின என்றாலும், அவற்றில் பயணிகள் ஏற மாட்டார்கள். பென்சில் குறிப்பு படம் எடுத்த ஆண்டைத்தான் சொல்கிறது என்றால், அது இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்குள்ள ரைடு ரயில் சுரங்கத்தில் உயரம் போதாததால், 1967-இல் அந்தப் பாதையை மின்மயமாக்கியபோது லண்டனின் இந்தச் சிறிய பெட்டிகளைக் கொண்டுபோய் ஓட்டினார்கள். அங்கே நீல வண்ணம், லண்டனில் சிவப்பு. கறுப்பு வெள்ளையில் இரண்டும் சாம்பல்தான். எனவே வண்ணத்தை விட்டுவிட்டுத் தண்டவாளத்தைப் பாருங்கள். லண்டன் பாதையில் சக்கரம் ஓடும் இரு தண்டவாளங்களுக்கு நடுவே ரயிலுக்கு மின்சாரம் தரும் ஒரு மின்தண்டவாளமும், வெளிப்புறத்தில் இன்னொன்றும் இருக்கும். தீவில் வெளிப்புறத்தில் உள்ளது மட்டும்தான்.

கேட்டவர்:
பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் சரளைக் கல் மட்டுமே தெரிகிறது. நடைமேடைக்கு எதிர்ப்புறம் ஒரே ஒரு மின்தண்டவாளம் இருக்கிறது.

இரண்டாம் பதிலளித்தவர்:
அப்படியானால் வைட் தீவுதான். படத்தின் குறிப்பில் 'லண்டன்' என்பதை அடித்துவிட்டு, 'ஸ்டாண்டர்டு ஸ்டாக், ரைடு–ஷாங்ளின் பாதை' என்று எழுதிவிடலாம். நிலையத்தின் பெயரை அறிய, நடைமேடைக் கூரையும் தெரியும்படி முழுப் படத்தையும் பதிவிடுங்கள்.