மறு: மருத்துவ 'ஷார்ப்ஸ்' கழிவுக்குத் தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம். மருத்துவத்தில் பயன்படுத்தி முடித்த, குத்தவோ வெட்டவோ கூடிய பொருட்களைத்தான் ஆங்கிலத்தில் 'ஷார்ப்ஸ்' கழிவு என்கிறார்கள். அதைப் போடும் பெட்டியில் ஒட்டவும் அகராதியில் சேர்க்கவும் நீங்கள் முன்வைத்த தமிழ்ச்சொற்களுக்கு என் பதில் இது.

> 'ஊசிக்கழிவு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் அந்தப் பெட்டிக்குள் போவது ஊசி மட்டுமா? அறுவைக் கத்தியின் பிளேடு, சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் லான்செட், கழுத்தை உடைத்த ஆம்பியூல் என்கிற கண்ணாடி மருந்துக்குப்பி எல்லாமே கையைக் கிழிப்பவைதான். 'ஊசிக்கழிவு' என்று எழுதி ஒட்டினால், அவசரத்தில் இருக்கும் செவிலியர் பிளேடைப் பக்கத்துக் குப்பைப்பையில் போட்டுவிடுவார். அந்தப் பையை அமுக்கிக் கட்டுகிற துப்புரவுப் பணியாளரின் உள்ளங்கையில் அது இறங்கும். போதாக்குறைக்கு, 'ஊசி போட்டாச்சு' என்கிற நம் பேச்சில் ஊசி என்றால் மருந்தும்தான், சிரிஞ்சும்தான். ஊசியே மாட்டாமல் பயன்படுத்திய சிரிஞ்ச் ஷார்ப்ஸில் சேராது. ஊசி மாட்டியதைக் கழற்றாமல் அப்படியே முழுதாகப் போட வேண்டும்.

> கூர்முனைக் கழிவு

இது பரவாயில்லை. ஆனால் முனை குத்தும். பிளேடும் கண்ணாடிச் சில்லும் விளிம்பால் வெட்டும். தமிழில் 'கூர்' ஒன்றே இரண்டுக்கும் போதும். ஊசிக்கும் கூர் உண்டு, கத்திக்கும் கூர் உண்டு. முனையை விட்டுவிட்டு 'கூர்க்கழிவு' எனலாம். நடுவில் 'க்' எதற்கு என்று இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். இல்லாவிட்டால் வினைத்தொகையாகி, இனிமேல்தான் கூராகப் போகிற கழிவு போலத் தோன்றுகிறது!

ஒன்று மட்டும் இடிக்கிறது. அறுவை அரங்கில் தையல் ஊசிகளையும் பிளேடுகளையும் தொடங்கும் முன்பும் முடிக்கும் முன்பும் எண்ணுவார்கள். அப்போது அவை கழிவு அல்ல. ஆகவே பொதுவாகக் 'கூர்ப்பொருள்', பயன்படுத்திய பின் 'கூர்க்கழிவு' என்று இரண்டாகவே வைப்போம்.

> ரீகேப்பிங் = மறுமூடல்

பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டுவதைத்தானே சொல்கிறீர்கள்? 'மறுமூடல்' கடையைத் திரும்பப் பூட்டியது போல இருக்கிறது. இதற்குப் பெயர்ச்சொல்லே தேவையா? ஒரு கையில் மூடி, மறு கையில் ஊசி. கொஞ்சம் தவறினால் மூடி பிடித்த விரலில்தான் குத்தும். 'ஊசிக்கு மூடி மாட்டாதீர்' என்று எழுதினால் போதும். குத்துவதை 'ஊசிக்குத்துக் காயம்' என்பதில் எனக்கு மறுப்பில்லை. தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி ஒருமுறை குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்ற 30%, ஹெபடைடிஸ் சி 1.8%, எச்.ஐ.வி. 0.3% வாய்ப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் ஒன்றுக்குத் தடுப்பூசி இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் இல்லை.

பெட்டியா கலனா? வீட்டில் இன்சுலின் போடுபவர்கள், முறையான பெட்டி கிடைக்காதபோது, திருகுமூடி போட்ட கெட்டியான சலவைத்திரவ டப்பாவைப் பயன்படுத்துவதுண்டு. மெல்லிய தண்ணீர் பாட்டில் கூடாது, ஊசி துளைத்துவிடும். இதையும் அடக்க, அகராதியில் 'கூர்க்கழிவுக் கலன்' என்று போடலாம். ஒட்டுத்தாளில் பெட்டி என்றே இருக்கட்டும்.

கலனில் 'இதற்கு மேல் போடாதே' என்று காட்டும் கோட்டுக்கு 'நிரப்பு வரம்பு' என்றிருந்தீர்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் பூட்டி அனுப்ப வேண்டும் என்பதுதானே விதி? 'முக்கால் கோடு' என்றாலே வேலை முடிந்தது.

எரிக்கவோ, ஆட்டோகிளேவ் செய்யவோ (அழுத்த நீராவியில் கிருமி நீக்கவோ) வசதியில்லாத இடங்களில், நிறைந்த கலனுக்குள் சிமென்ட் சாந்தை ஊற்றி இறுகவிட்டுப் புதைப்பார்கள். அதற்கு 'உறையிடல்', 'சாந்தடைப்பு' இரண்டும் எனக்குத் தோன்றின. முதலாவது மாத்திரைக்கு மேல்பூச்சு போடுவதாகப் படுகிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.