கண்ணாடி சரியாம், ஆனால் அம்மாவுக்குப் படி தெரியவில்லை

அடையாறு_வாசி:
அம்மாவுக்கு வயது 74. சென்னையில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டு கண்ணிலும் புரை நீக்கி லென்ஸ் வைத்தாயிற்று. க்ளாக்கோமா (கண் நரம்பைப் பாதிக்கும் நோய்) உண்டு: சொட்டு மருந்தாக இரவில் லட்டானோபிராஸ்ட், காலையும் மாலையும் டிமோலால். போன மாதச் சோதனையில் பார்வை 6/12 (மற்றவர் 12 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டரில் படிப்பார்). கண்ணாடியை மாற்ற வேண்டாம் என்றார்கள். ஆனால் பொழுது சாய்ந்தால் கடைசிப் படியைத் தவறவிடுகிறார், மோரை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறார், 100 என்று நினைத்து 500-ஐ நீட்டுகிறார். எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஆப்டோமெட்ரி_பாலா:
6/12 என்பது நல்ல வெளிச்சத்தில், வெள்ளை அட்டையில் இருக்கும் கருப்பு எழுத்தைப் படித்த கணக்கு. க்ளாக்கோமா நடுப்பார்வையைக் கடைசியில்தான் தொடும். அதனால் அட்டையில் எதுவும் தெரியாது. பெரிமெட்ரி (சுற்றுப்பார்வை எவ்வளவு இருக்கிறது என்று, வெளிச்சப் புள்ளி தெரியும்போது பட்டனை அழுத்தவைத்து அளக்கும் சோதனை) எடுத்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் முதல் வேலை அதுதான். முதல் தடவை பட்டனை அழுத்தத் தடுமாறுவார்கள், ரிசல்ட் நிஜத்தைவிட மோசமாக வரும். ஒரே பிரிண்டை வைத்துக் கலங்காமல் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். கீழ்ப்பக்கப் பார்வை போயிருந்தால் படியில் இடறுவது அதனால்தான்.

இன்னொன்று, வைத்த லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு சில வருடங்களில் மங்கலாம். வெளிச்சத்தைப் பார்த்தால் கூசும். யாக் என்ற லேசரால் அதைத் திறந்துவிடுவது சில நிமிட வேலை.

அவர் போடுவது பைஃபோகலா (தூரம், கிட்டம் இரண்டுக்கும் கோடு பிரித்த கண்ணாடி), ப்ரோக்ரெசிவா (கோடில்லாமல் பவர் படிப்படியாக மாறுவது)? இரண்டிலும் கீழ்ப்பாதி கைக்கெட்டும் தூரத்துக்கானது. அதன் வழியாகக் குனிந்து பார்த்தால் ஒன்றரை மீட்டர் தள்ளியுள்ள படி மங்கல்தான். நடக்கவும் படி இறங்கவும் தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி போட்டுக்கொடுங்கள்.

வீட்டு_வெளிச்சம்:
60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான். நமக்குப் போதும் என்று தோன்றும் மாடிப்படி பல்பு அவருக்கு இருட்டு.

பளபளக்கும் கிரானைட் படியில் ஓரம் எது, தளம் எது என்று தெரியாது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 5 செ.மீ. அகலத்தில், முழு நீளத்துக்கும் மஞ்சள் வழுக்காத டேப் ஒட்டுங்கள். முதலில் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடாவிட்டால் ஓரம் பெயர்ந்து, அதுவே காலை இடறிவிடும். கைப்பிடி கடைசிப் படியைத் தாண்டி 30 செ.மீ. நீண்டிருந்தால், படி முடிந்ததைக் கையே சொல்லிவிடும். சென்சார் விளக்கு இருந்தால் நேரத்தைக் கூட்டி வையுங்கள். பாதி இறங்குவதற்குள் அணைவதற்கு அது இல்லாமலே இருக்கலாம்.

மோர் விஷயம் நிற வேறுபாடுதான். எவர்சில்வர் டம்ளரில் வெள்ளை மோர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மோருக்கும் பாலுக்கும் கருநிற கப், காபிக்கு வெள்ளை கப். வாழையிலையில் சோறு பளிச்சென்று தெரியும், வெள்ளைப் பீங்கான் தட்டில் தெரியாது, அதே கணக்கு. படிக்கும் விளக்கைத் தோளுக்குப் பின்னால் பக்கவாட்டில் வையுங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்கு.

அடையாறு_வாசி:
இரவில் இரண்டு மருந்தையும் அடுத்தடுத்து விட்டுக்கொள்கிறார். லட்டானோபிராஸ்ட் இருபது நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. இது சரிதானா?

மருந்துக்கடை_ரமணி:
சரியில்லைங்க. 2.5 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய 80 சொட்டு. இரண்டு கண்ணுக்கும் தினம் ஒவ்வொரு சொட்டு என்றால் 40 நாள் வர வேண்டும். பாதி கன்னத்தில் வழிகிறது.

கீழ் இமையை இழுத்துப் பை மாதிரி ஆக்கி ஒரே சொட்டு. கண் அதற்கு மேல் தாங்காது. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து உள்மூலையை விரலால் 2 நிமிடம் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் டிமோலால் மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். இரண்டு மருந்துக்கும் இடையில் 5 நிமிடமாவது விடாவிட்டால், பின்னது முன்னதைக் கழுவிவிடும்.

திறந்த லட்டானோபிராஸ்ட் 25 டிகிரிக்குள் இருந்தால்தான் 6 வாரம் தாங்கும். சென்னைக் கோடைக்கு ஃபிரிட்ஜ் கதவுதான் இடம். குளிர்ந்த சொட்டு கண்ணில் விழுந்தது அவருக்கே உறைக்கும், அது கூடுதல் லாபம். எந்த பாட்டில் எது என்று தெரிய ஒன்றில் ரப்பர் பேண்ட் சுற்றுங்கள்.

ஆப்டோமெட்ரி_பாலா:
நோட்டு விஷயம் விட்டுப்போச்சு. 100, 200, 500 மூன்றும் 66 மி.மீ. அகலம், நீளம் 142, 146, 150. தனியாக எடுத்தால் விரலுக்குத் தெரியாது, இரண்டைச் சேர்த்து வைத்தால் தெரியும். ஓரத்தில் தடவிப் பார்க்கக் கோடுகள் உண்டு: 100-க்கு நான்கு, 200-க்கு நான்கோடு இடையில் இரண்டு வட்டம், 500-க்கு ஐந்து. கசங்கிய நோட்டில் இவை தேய்ந்திருக்கும். அதனால் வீட்டிலேயே 500-ஐ மடிக்காமலும், 200-ஐ ஒரு மடிப்பும், 100-ஐ இரண்டு மடிப்புமாக பர்ஸில் வைத்துக் கொடுங்கள். கடையில் வாங்கும் சில்லறையைத் தனி அறையில் போட்டு, வீட்டுக்கு வந்து பிரிக்கட்டும். ரிசர்வ் வங்கியின் மணி செயலியும் இருக்கிறது, கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும். ஆனால் காய்கறிக்கடை நெரிசலில் மடிப்புதான் வேகம்.