முதல் வண்டியே 195 கிலோவா? காற்றுக் கதை விடும் அண்ணாச்சிக்கு

நெல்லைச் சக்கரம்:
நேற்று ஒரு தம்பி முதல் பைக் எது வாங்கலாம் என்று கேட்டிருந்தான். உயரம் ஐந்தடி நாலு அங்குலம். பாளையங்கோட்டையில் வேலை, சனிக்கிழமை ஆனால் நாகர்கோவில் வீட்டுக்குப் போகணும். இதுவரை கியர் இல்லாத ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டியிருக்கிறான். அதற்குப் 'பழைய புல்லட்' அண்ணாச்சி கொடுத்த பதில்: "கண்ணை மூடிக்கொண்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடு. எடை இருந்தால்தான் வண்டி ரோட்டைப் பிடிக்கும். மற்றதெல்லாம் வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் பறக்கும். ஜாக்கெட், கிளவுஸ் எல்லாம் சினிமா வேஷம்."

படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. கிளாசிக் 195 கிலோ. ஸ்பிளெண்டர் 112. வித்தியாசம் 83 கிலோ, அதாவது நான் முழுசாக ஒரு ஆள். கிளட்ச் பிடித்தே பழகாத பையன் என்னையும் சேர்த்துச் சுமக்கணுமா?

பழைய புல்லட்:
1994-லிருந்து புல்லட் ஓட்டுகிறேன் தம்பி. அப்போது கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷரை இழுத்து, உதைத்து ஸ்டார்ட் பண்ணிய கால் இது. நீங்கள் பட்டனை அமுக்கிவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

ஆரல்வாய்மொழி பக்கத்து முப்பந்தலில் காற்றாலைகளை அழகுக்கா நட்டு வைத்திருக்கிறார்கள்? ஆடி மாதம் அந்த வழியாக 112 கிலோவில் போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம். எடை இருந்தால்தான் ரோட்டைப் பிடிக்கும். அவ்வளவுதான்.

இரண்டு ஸ்ட்ரோக்:
என் யமஹா ஆர்எக்ஸ் 100 நூறு கிலோவைச் சுற்றித்தான் வரும். அதே முப்பந்தல் வழியாக எத்தனை ஆடி போயிருக்கிறேன். பறந்து போய் எந்தக் காற்றாலையிலும் மாட்டவில்லையே.

பழைய புல்லட்:
1996-லேயே நிறுத்தப்பட்ட புகை வண்டியை எல்லாம் உதாரணம் காட்டாதீர்கள். அதைக் கொசு மருந்து அடிக்க வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு ஸ்ட்ரோக்:
கொசு மருந்து வண்டிக்குப் போன வருஷம் கார்புரேட்டர் கேட்டு என் வீட்டு வாசலில் நின்றது யார் அண்ணாச்சி? தம்பி மகனுக்கு என்று வாங்கிப் போனீர்கள். பாதிப் பணம் இன்னும் வரவில்லை.

புதுக் கிளட்ச்:
அண்ணன்மாரே, அந்தக் கேள்வி கேட்டவன் நான்தான். வண்டி இருக்கட்டும். ஹெல்மெட் சைஸ் எப்படிப் பார்ப்பது? என்னிடம் இருக்கும் ஸ்கூட்டர் ஹெல்மெட் தலையில் ஆடுகிறது.

பிரேக் ஷூ:
ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் கேட்கிறேன். "ரோட்டைப் பிடிக்கும்" என்றால் என்ன? பிரேக் பிடிப்பதா, வளைவில் வழுக்காமல் இருப்பதா, காற்றில் ஆடாமல் இருப்பதா? மூன்றும் வேறு வேறு. எடை கூடினால் டயருக்குப் பிடிப்பு கூடும், சரி. ஆனால் நிறுத்த வேண்டிய பாரமும் அந்த எடையோடுதானே கூடுகிறது? இரண்டும் ஏறக்குறைய கழிந்துவிடும். பிடிப்பைக் கொடுப்பது நல்ல டயர், அதில் சரியான காற்று, பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ். 125 சிசிக்கு மேலே போனால் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். 150, 160 சிசியில் 135, 145 கிலோவுக்கு நல்ல வண்டிகள் கிடக்கின்றன. முதலில் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்.

பழைய புல்லட்:
எதைப் பற்றி என்றால், எடை இருந்தால் ரோட்டைப் பிடிக்கும் என்பதைப் பற்றி.

நெல்லைச் சக்கரம்:
காற்றைப் பற்றியே பேசுவோம் அண்ணாச்சி. நெல்லையிலிருந்து வள்ளியூர், பணகுடி வழியாகக் காவல்கிணறு வரை ரோடு தெற்கே போகிறது. மேற்கிலிருந்து வரும் காற்று அங்கேதான் பக்கவாட்டில் அடிக்கும். காவல்கிணற்றில் மேற்கே திரும்பி முப்பந்தல் வந்தால் காற்று முகத்துக்கு நேரே. முகத்துக்கு நேரே வரும் காற்றில் வண்டி எங்கே பறக்கும்? மெதுவாகப் போகும், பெட்ரோல் குடிக்கும். முப்பது வருஷமாக எந்தப் பக்கம் பார்த்து ஓட்டினீர்கள்?

பழைய புல்லட்:
என் ஊர் ரோடு எந்தத் திசையில் போகிறது என்று எனக்கே சொல்கிறீர்களா? தோவாளையில் பிறந்தவன் நான். காற்று என்ன திசைகாட்டி வைத்துக்கொண்டா அடிக்கிறது? லாரி முந்தும்போது சுழன்று அடிக்கும் பாருங்கள், அப்போது 195 கிலோ இருந்தால்தான் உயிர்.

நெல்லைச் சக்கரம்:
இப்போது லாரி வந்துவிட்டது.

எட்டு போட்டவள்:
ஆர்டிஓவில் கியர் வண்டியில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவள். ஐந்தடி இரண்டு அங்குலம். என் முதல் வண்டியும் 350தான், வீட்டில் இருந்தது என்பதால். ஓடும்போது அந்த எடை தெரியாது, இதை ஒத்துக்கொள்கிறேன். நின்றால்தான் தெரியும். பெட்ரோல் பங்க் சரிவு, சரளைக்கல், யூ டர்ன், பார்க்கிங்கில் பின்னால் தள்ளுவது. வண்டி சாயத் தொடங்கினால் கொஞ்ச தூரம் வரைதான் பிடிக்க முடியும். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு விலகணும். புதியவர்கள் மானம் போகும் என்று விடமாட்டார்கள். நானும் விடவில்லை. கணுக்கால் வண்டிக்கு அடியில் மாட்டி ஆறு வாரம் கட்டு. காலில் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

கிளாசிக் சீட் உயரம் 805 மில்லிமீட்டர். என் போன்றவர்களுக்கு இரண்டு குதிகாலும் சேர்ந்து தரையில் படாது. அதனால் கேட்கிறேன், சினிமா வேஷம் என்று சொன்னவர் தார் ரோட்டில் உள்ளங்கை உரிந்து பார்த்திருக்கிறாரா? நடந்து போய்த் தடுக்கினாலே முதலில் கையைத்தான் ஊன்றுவோம்.

பழைய புல்லட்:
தங்கச்சி, நிறுத்தத் தெரியாமல் போட்டுவிட்டு வண்டியைக் குறை சொல்லக் கூடாது. நான் ஒருமுறைகூடக் கீழே போட்டதில்லை.

எட்டு போட்டவள்:
தங்கச்சி எல்லாம் வேண்டாம், எனக்கு 41 வயது. வண்டியைக் குறை சொல்லவும் இல்லை. முதல் வண்டியாக வேண்டாம் என்றுதான் சொன்னேன். படிக்கவும் கண்ணாடி வேண்டுமோ?

இரண்டு ஸ்ட்ரோக்:
ஒருமுறைகூடப் போட்டதில்லையாம்! வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை பெஞ்சு மேலே சாய்ந்து கிடந்த புல்லட் யாருடையது? கடைக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

பழைய புல்லட்:
அது சாய்ந்தது. விழவில்லை. பெஞ்சுதான் உடைந்தது. எடையின் அருமை அதிலேயே தெரியவில்லையா?

புதுக் கிளட்ச்:
ஹெல்மெட் சைஸ்?

பிரேக் ஷூ:
தம்பி, இந்தச் சத்தத்தில் உன்னை மறந்தே போனோம். புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொண்டு போ. போட்டால் கன்னத்தை அமுக்கணும், நெற்றியில் குத்தக் கூடாது. வாரைப் பூட்டிவிட்டுத் தலையை ஆட்டினால் கன்னத் தோலும் கூடவே நகரணும். பின்னாலிருந்து தள்ளினால் கழன்று வரக் கூடாது. புதிதில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், ஸ்பாஞ்சு பழகிவிடும். தாடையையும் மூடும் முழு ஹெல்மெட்தான். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததை விற்பதே 2021 ஜூன் முதல் தடை, ஆனாலும் ரோட்டோரத்தில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்றும் கீழே லைசென்ஸ் எண்ணும் இருக்கணும். அந்த எண்ணை, முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதே, உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருதடவைதான் அமுங்கிக் கொடுக்கும்.

பழைய புல்லட்:
ஹெல்மெட் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நான் சொன்னது ஜாக்கெட், கிளவுஸ். நெல்லை வெயிலில் ஜாக்கெட் போட்டால் ஆள் அவியலாகிவிடுவான்.

எட்டு போட்டவள்:
வலை போட்ட மெஷ் ஜாக்கெட் என்று ஒன்று இருக்கிறது. தோள், முழங்கையில் மட்டும் தடுப்புப் பட்டை, மற்ற இடமெல்லாம் காற்று புகும். ஓடும்போது வேர்க்காது, சிக்னலில் வேர்க்கும். பரவாயில்லை.

பழைய புல்லட்:
காற்று புகும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு காற்றில் பறக்கும் வண்டியில் போகச் சொல்கிறீர்கள். நல்ல பொருத்தம். தம்பி, இவர்கள் பேச்சைக் கேட்காதே. 195.

நெல்லைச் சக்கரம்:
அந்த எண்ணைப் பச்சையே குத்திக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. வரிக் கணக்காவது சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். 2025 செப்டம்பரில் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அது ஒரு காரணம். காற்று ஒரு காரணமா?

பழைய புல்லட்:
வரி குறைந்ததும் 350 எடுப்பதற்குத்தானே சாதகம்? நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

நெல்லைச் சக்கரம்:
350 சிசி *வரை* என்றால் 125-க்கும் அதே 18தான்! ஐயோ.

புதுக் கிளட்ச்:
பிரேக் ஷூ அண்ணே, நன்றி. டேப்பில் 57 சென்டிமீட்டர் வந்தது. ஒரு விஷயம் சொல்லணும், அப்பா இன்று காலை யாரையும் கேட்காமல் ஹன்டர் 350-க்கு முன்பணம் கட்டிவிட்டார். 181 கிலோவாம். சீட் 790.

பழைய புல்லட்:
பார்த்தீர்களா, 350! உன் அப்பா விவரமானவர். நான் சொன்னதுதான் நடந்தது.

நெல்லைச் சக்கரம்:
உங்கள் 195-லிருந்து 14 கிலோ குறைத்து எடுத்திருக்கிறார்கள். எடை அதிகம் என்று தோன்றியதால்தானே குறைத்தார்கள்? நான் சொன்னதுதான் நடந்தது.

பழைய புல்லட்:
14 கிலோ எல்லாம் ஒரு வித்தியாசமா?

நெல்லைச் சக்கரம்:
எடைதான் எல்லாம் என்று நேற்றிலிருந்து கத்தியவர் யார்?

எட்டு போட்டவள்:
தம்பி, வண்டி கையில் வந்ததும் முதல் வாரம் நாகர்கோவில் பக்கமே போகாதே. காலி மைதானத்தில் கிளட்ச், யூ டர்ன் பழகு. கணுக்காலை மூடும் ஷூ வாங்கு.

பழைய புல்லட்:
ஷூவுக்கு எத்தனை கிலோ, மேடம்?

இரண்டு ஸ்ட்ரோக்:
அண்ணாச்சி, கார்புரேட்டர்.