தமிழ் மட்டும் பேசும், பள்ளிப் படிப்புக் குறைந்த ஒருவருக்கு விசாரணைத் தகுதி அறிக்கை: ஐக்யூ 62ஐ என்ன செய்வது?

வடலி

விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஒரு குற்ற வழக்கு, உளவியல் அறிக்கை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் நாற்பது வயதைத் தாண்டியவர், வன்னியில் வளர்ந்தவர். இடப்பெயர்வுகளால் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கடையில் சாமான் வாங்குமளவுக்கு ஆங்கிலம். முன்னர் ஒருவர் உரைபெயர்ப்பாளர் இல்லாமல் ஆங்கிலத்திலேயே வெய்ஸ்-4 (பெரியவர்களுக்கான அறிவுத்திறன் சோதனை) வைத்து, மொத்த ஐக்யூ 62 என்று எழுதிவிட்டார். 'முயற்சி குறைவு' என்றும் ஒரு வரி இருக்கிறது.

சட்டத்தரணி கேட்பது இரண்டு: ஆள் விசாரணைக்குத் தகுதியானவரா, அறிவுத்திறன் குறைபாடு உண்டா. அந்த 62ஐ எவ்வளவு தூரம் நம்பலாம்? அதே சோதனையை உரைபெயர்ப்பாளர் வைத்துத் தமிழில் திரும்பச் செய்தால் சரியாகுமா? 'முயற்சி குறைவு' என்ற வரியை எப்படிக் கையாள்வது?

நெய்தல்

சோதனையைத் தள்ளி வையுங்கள், முதலில் சட்டக் கேள்வி. மனக் குறைபாடு, விசாரணைத் தகுதியின்மை பற்றிய விக்டோரியாவின் 1997 சட்டத்தில் 6ஆம் பிரிவுதான் அளவுகோல். அதற்கு வேர் 1958இன் பிரெசர் தீர்ப்பு. மனச் செயல்பாடு சீர்குலைந்தோ பழுதுபட்டோ இருப்பதால் இவற்றில் ஏதாவது ஒன்று அவரால் முடியாமல் போக வேண்டும்: குற்றச்சாட்டு எத்தகையது என்று புரிவது, ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று பதில் சொல்வதும் ஜூரிகளை ஆட்சேபிப்பதும், விசாரணை எதற்காக நடக்கிறது என்று அறிவது, அதன் போக்கைத் தொடர்வது, அரசுத் தரப்புச் சாட்சியத்தின் சாரத்தைப் பிடிப்பது, தன் வழக்கறிஞருக்கு அறிவுறுத்தல் தருவது. இதில் ஐக்யூ எண் எங்குமே இல்லை. ஆங்கிலம் தெரியாததும் காரணம் ஆகாது, அதற்குத்தான் உரைபெயர்ப்பாளர்.

ஆகவே 'தெரியாது' வேறு, 'சொல்லிக் கொடுத்தாலும் பிடிபடாது' வேறு. வன்னியில் வளர்ந்தவர் ஜூரியை எங்கே பார்த்திருப்பார்? முதல் சுற்றில் ஒவ்வொன்றையும் கேளுங்கள். தெரியாததை இரண்டு மூன்று சிறு வாக்கியங்களில் விளக்குங்கள். அரை மணி நேரம் வேறு பேசிவிட்டு, அவருடைய வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, வேறொரு கற்பனை வழக்கைச் சொல்லி அதே விஷயத்தை அதில் பொருத்தச் சொல்லுங்கள். தங்குகிறதா, பொருத்தத் தெரிகிறதா என்பதுதான் உங்கள் முக்கியமான ஆதாரம். கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் சொல்லுக்குச் சொல் குறித்து வையுங்கள்.

'விளங்குதா?' என்று மட்டும் கேட்காதீர்கள். அதிகாரம் உள்ளவர் முன்னால் 'ஓம்' (ஆம்) தானாக வரும். பழங்குடியினரைப் போலீஸ் விசாரிப்பது பற்றி ஆஸ்திரேலியாவின் வட பிரதேச உச்ச நீதிமன்றம் 1976இல் அனுங்கா வழக்கில் வகுத்த நெறிகள், எச்சரிக்கை வாசகத்தின் (பேசாமல் இருக்க உரிமை உண்டு என்பதன்) பொருளைப் பகுதி பகுதியாக அவரையே சொல்ல வைக்கக் கேட்டது இந்த ஆபத்துக்காகத்தான். மெக்கேட்-சிஏ போன்ற, விசாரணைத் தகுதியை அளக்கும் அமெரிக்கக் கருவிகள் அந்த ஊர்ச் சட்டத்துக்காகக் கட்டப்பட்டவை. கேள்வி அமைப்புக்கு உதவும். மதிப்பெண்ணை எடுக்க வேண்டாம்.

கரிசல்காடு

62ஐ ஐக்யூவாக எடுக்கவே முடியாது. வெய்ஸின் சொல்வளம், பொது அறிவு, ஒப்புமைப் பகுதிகள் ஆங்கிலத்தையும் பள்ளியையும்தான் அளந்திருக்கும்.

உரைபெயர்ப்பாளரைக் கொண்டு திரும்ப வைத்தாலும் நியம அட்டவணை (மதிப்பெண்ணை மற்றவர்களோடு ஒப்பிடும் அட்டவணை) பொருந்தாது. எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை தமிழில் குலைந்துவிடும். தொடர்ந்து இத்தனை தவறு வந்தால் நிறுத்து என்ற விதி அதனால் தவறான இடத்தில் நிறுத்தும். இலக்க நினைவுப் பகுதியில் இன்னொரு சிக்கல்: ஆங்கில இலக்கங்கள் ஏழைத் தவிர எல்லாம் ஓரசை, தமிழில் பெரும்பாலும் ஈரசை. உச்சரிக்க நேரம் கூடினால் நினைவில் நிற்கும் எண்ணிக்கை குறையும். வேல்ஸ் மொழி பேசுவோரிடம் 1980லேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். இந்தக் குறைவை நினைவாற்றல் குறை என்று எழுதிவிடக் கூடாது.

படம், கட்டை வைத்துச் செய்வதெல்லாம் பண்பாடு கடந்தது என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. அது தவறு. கட்டங்களைப் பார்த்து விதி கண்டுபிடிப்பது, கடிகாரம் ஓட ஓடச் செய்வது, பென்சிலால் வேகமாகக் குறியிடுவது எல்லாமே பள்ளி பழக்கிவிடுபவை. அதனால் ஒரு பகுதியில் நன்றாகச் செய்தால் அதற்கு எடை கொடுங்கள். மோசமாகச் செய்தால் பல காரணம் இருக்கலாம் என்று எழுதுங்கள். மொத்த ஐக்யூ எண்ணே வேண்டாம்.

அறிவுத்திறன் குறைபாட்டுக்கு வாழ்க்கைத் திறன்தான் கனமான சான்று. டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல்) கேட்பது கருத்து, சமூகம், நடைமுறை ஆகிய மூன்று தளங்கள். தொடக்கமும் வளரும் பருவத்தில் இருக்க வேண்டும். அம்மா அல்லது மூத்த சகோதரி ஊரில் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள்: எப்போது நடந்தார், பேசினார், கூடப் படித்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் எப்படி. ஒப்பீடு அதே ஊரில் அதே அளவு படித்தவர்களோடு இருக்கட்டும், மெல்பன் நகரவாசியோடு வேண்டாம். சீட்டுக் கணக்கு வைத்திருந்தாரா, ஊருக்குப் பணம் அனுப்புகிறாரா, எஞ்சின் கழற்றிப் பூட்டுவாரா? வைன்லேண்ட் என்ற வாழ்க்கைத் திறன் படிவத்தைக் கேள்வி வரிசைக்கு மட்டும் பயன்படுத்தலாம். காது கேட்கிறதா, கண்ணாடி தேவையா என்பதை முதல் நாளே பாருங்கள். குண்டு வெடிப்பில் தலையில் அடி, வலிப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாவற்றையும் கேளுங்கள்.

'முயற்சி குறைவு' பற்றி: படிப்பும் மொழியும் குறைந்தவர்கள் உண்மையாக முயன்றும் முயற்சியை அளக்கும் சோதனைகளில் வெட்டு எண்ணுக்குக் (தேறும் எல்லைக்குக்) கீழே விழுகிறார்கள். ஒரே சோதனையில் தோற்றதை வைத்து நடிப்பு என்று எழுதுவது நியாயமே அல்ல. வேறு வகையில் இரண்டாவது ஒரு சோதனையும் வையுங்கள். அறிவுறுத்தலைத் தமிழில் புரிந்துகொண்டதை உறுதிசெய்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சோதனையில், நாணயம் சுண்டினால் வருவதைவிடத் தெளிவாகக் கீழே போனால் அதற்கு நியம அட்டவணை தேவையில்லை. தெரிந்தே தவறானதைத் தேர்ந்தார் என்பதற்கு அந்த முடிவுக்கு மட்டும் தனி வலு உண்டு. வெட்டு எண்களை இங்கே யாரும் எழுத வேண்டாம், இந்தத் திரியை யாரும் படிக்கலாம்.

கிழக்குக்கரை

உரைபெயர்ப்பாளர் பற்றி. நாட்டியில் (தேசிய சான்றளிப்பு அமைப்பு) தற்காலிகச் சான்று, முழுச் சான்று, சட்டத் துறைச் சிறப்புச் சான்று என்று படிகள் இருக்கின்றன. கிடைக்கும் மேல்படியைக் கேளுங்கள். உறவினர் கூடவே கூடாது. ஈழத் தமிழும் தமிழ்நாட்டுத் தமிழும் எல்லா இடத்திலும் ஒன்றாகப் போகாது, முன்பதிவிலேயே ஊர் வழக்கைச் சொல்லுங்கள். மெல்பனின் டான்டினோங் போல எல்லோரும் எல்லோரையும் அறிந்த சமூகத்தில் ஆள் வாயைத் திறக்காமல் போகலாம். அப்போது வேறு மாநிலத்தவரைக் காணொளியில் எடுப்பது நல்லது. எல்லா அமர்வுக்கும் ஒரே ஆள்.

தொடங்க முன்னர் 15 நிமிடம் அவரோடு தனியாகப் பேசுங்கள். முக்கியமாக ஒன்று: குழம்பிய பேச்சைக் குழம்பியபடியே தர வேண்டும். நல்லெண்ணத்தில் சீராக்கிக் கொடுத்தால் சிந்தனைக் குலைவு உங்கள் கண்ணுக்கே படாது. நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 45 நிமிடத்துக்கு ஒரு இடைவெளி விடுங்கள். நேரே அந்த நபரைப் பார்த்தே கேளுங்கள்.

வடலி

மிக்க நன்றி. இரண்டு மேலதிகக் கேள்வி. நானே யாழ்ப்பாணத் தமிழ் பேசுவேன், உரைபெயர்ப்பாளரை விட்டுவிடலாமா? போர் அனுபவம் இருப்பதால் பிஏஐ (ஆளுமை, மனநல வினாத்தாள்) வைக்கலாமா?

நெய்தல்

நேர்காணலைத் தமிழில் நீங்களே செய்வது நல்லது. அவர் சொன்னதைத் தமிழிலேயே எழுதி, பிறகு மொழிபெயர்த்து, அப்படிச் செய்ததை அறிக்கையில் சொல்லுங்கள். ஆனால் சோதனையை நீங்களே அந்த இடத்தில் தமிழாக்கினாலும் நியமச் சிக்கல் அப்படியே இருக்கும். இன்னொன்று, விசாரணை உரைபெயர்ப்பாளர் வழியாகத்தான் நடக்கும். அந்த ஏற்பாட்டில் அவரால் பின்தொடர முடிகிறதா என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. ஆகவே திருப்பிச் சொல்லும் பகுதியில் ஒன்றையாவது உரைபெயர்ப்பாளரை வைத்துச் செய்யுங்கள்.

பிஏஐ 344 வாக்கியம். அதை வாய்வழி பெயர்த்துக் கேட்டால் அதன் நம்பகத்தன்மை அளவீடுகளுக்கே பொருள் இருக்காது. டிஎஸ்எம்-5இன் பண்பாட்டு நேர்காணலில் 16 கேள்விகள், அதிலிருந்து தொடங்குங்கள். போர்க் கதை முழுவதையும் தோண்டத் தேவையில்லை. நீதிமன்றத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள்: சீருடையைக் கண்டால் உறைகிறாரா, எத்தனை நிமிடம் கவனம் நிற்கிறது, நடுவில் எங்கோ போய்விடுகிறாரா.

கரிசல்காடு

வரம்புகளைப் பின்னிணைப்பில் தள்ளாதீர்கள், ஒவ்வொரு கருத்தின் பக்கத்திலேயே இருக்கட்டும். குறுக்கு விசாரணையில் முதலில் கேட்கப்படுவது அதுதான். மறுகுற்ற ஆபத்தையும் யாராவது கேட்டால், கருவிகள் யாரிடம் சரிபார்க்கப்பட்டவை என்று எழுதுங்கள். கனடா உச்ச நீதிமன்றம் 2018இல் எவர்ட் வழக்கில், பூர்வகுடிக் கைதிகளிடம் சரிபார்க்காத கருவிகளைத் தொடர்ந்து பயன்படுத்தியது சிறைத் துறையின் சட்டக் கடமை மீறல் என்றது.

தகுதி உண்டு என்று முடிவு வந்தாலும் என்ன ஏற்பாட்டோடு என்று சேர்த்து எழுதுங்கள்: ஒரே உரைபெயர்ப்பாளர், ஒரு வாக்கியத்துக்கு ஒரு கேள்வி, எத்தனை நிமிடத்துக்கு ஓய்வு, ஒவ்வொரு சாட்சிக்குப் பிறகும் வழக்கறிஞர் அவரோடு பேச நேரம்.